செத்ததாக அறிவிக்கப்பட்ட இயந்திரங்கள்

இலக்கிய நண்பர்கள் கூடும் இடங்களில் ஒரு பேச்சைத் தொடர்ந்து கேட்டுவருகிறேன். 'கணினி என்பது ஐந்து வருடத்துச் சாமான். அதற்கு மேல் அதைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?' செல்லரித்த ஏடுகளைப் பற்றி ஒரு மணிநேரம் உருக்கமாகப் பேசிய அதே நண்பர்தான் தேநீர் இடைவேளையில் இப்படிச் சொல்வார். ஏடு பண்பாடு, கணினி சாமான் என்ற இந்தப் பாகுபாடு நம் தமிழ்த்துறைகளில் சூத்திரம்போல் நிலைபெற்றுவிட்டது. அது பிழையான சூத்திரம். அதனால் நாம் இழந்தவையும் இனி இழக்கப்போகிறவையும் உண்டு என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் அந்தியூர்ப் பக்கத்தில் கிணற்று மோட்டார் புகைந்துவிட்டால் யாரும் அதை எடைக்குப் போடுவதில்லை. காயில் கட்டக் கொண்டுபோவார்கள். காயில் கட்டுகிறவர் மூடியைக் கழற்றி, எரிந்த கம்பியை உருவி, எத்தனை சுற்று, என்ன கனம் என்று பார்த்துப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். மோட்டார் மீண்டும் தண்ணீர் இறைக்கும். கோவையின் பட்டறைப் பண்பாடு முழுவதும் இந்த மனநிலையில் வளர்ந்ததுதான். அதே மண்ணில் இருக்கும் கல்லூரிகள், ஓடிக்கொண்டிருக்கும் கணினியை 'காலாவதி' என்று ஒரு பதிவேட்டில் எழுதிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புகின்றன. மோட்டாரைத் திறந்து பார்க்கத் தெரிந்த நமக்குக் கணினியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. அதன் மூடி திருகாணியால் மட்டும் மூடப்பட்டதல்ல என்பதே காரணம்.

ஒரு கணினி எப்போது சாகிறது? மின்தேக்கி வீங்கி, வன்தட்டு தேய்ந்து சாவது ஒரு வகை. அது இயற்கைச் சாவு. ஆனால் இன்று எடைக்குப் போகும் கணினிகளில் பலவும் அப்படிச் சாகவில்லை. அவற்றோடு பேசுவதை இயங்குதளம் நிறுத்திக்கொண்டது, அவ்வளவே. இயங்குதளத்தின் நடுவே இருப்பது கெர்னல். நினைவகத்தைப் பங்கிடுவது, வன்தட்டைப் படிப்பது, வலைப்பின்னலோடு பேசுவது எல்லாம் அதன் வேலை. எந்தெந்த உறுப்போடு பேச அதற்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது தலையெழுத்து அல்ல. கெர்னலைக் கட்டுவதற்கு முன் ஒருவர் உட்கார்ந்து தீர்மானிப்பது. லினக்ஸில் அது ஆயிரக்கணக்கான கேள்விகள் கொண்ட பட்டியல். பெரும்பாலான கேள்விகளுக்கு விடை மூன்றில் ஒன்று: ஆம், வேண்டும்போது சேர்த்துக்கொள்ளும் தனித்துணுக்காக, இல்லை. எங்கோ ஒருவர் 'இல்லை' என்று எழுதினால் இங்கே ஓர் இயந்திரம் செத்ததாக அறிவிக்கப்படுகிறது. கட்டற்ற மென்பொருளில் அந்த 'இல்லை' எல்லோரும் படிக்கக்கூடிய உரைக்கோப்பில் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் அதைத் திருத்தலாம்.

ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1994-இல் வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் 5 என்ற பணிநிலையக் கணினி ஒன்று, எங்கள் வட்டாரப் பொறியியல் கல்லூரி ஒன்றின் சாமான் அறையில் கிடந்தது. அந்த நிறுவனமே 2010-இல் ஆரக்கிளிடம் விலைபோய்விட்டது. தட்டையான பெட்டி, அதிகபட்சமாக 256 மெகாபைட் நினைவகம் ஏற்கும். மின்சாரம் கொடுத்தால் தன் பெயரே தெரியாமல் விழிக்கும். வலைப்பின்னல் முகவரியைக்கூட மறந்திருக்கும். பார்த்தவர்கள் 'போர்டு போய்விட்டது' என்று முடிவுகட்டினார்கள். போனது போர்டு அல்ல. முகவரியை நினைவில் வைக்கும் கடிகாரச் சில்லுக்குள் அடைபட்ட மின்கலம் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். பத்தாண்டு கடந்தால் இவ்வகை இயந்திரங்களுக்கெல்லாம் வரும் வியாதி அது. கடிகாரக் கடையில் கிடைக்கும் 3 வோல்ட் பொத்தான் மின்கலத்தைச் சில்லோடு பற்றவைத்து, முகவரியை மறுபடி தட்டச்சு செய்தால் தீர்ந்தது.

அடுத்து கெர்னல். இந்த இயந்திரங்களை இன்றும் கைவிடாத இயங்குதளம் நெட்பிஎஸ்டி. 1993-இல் தொடங்கியது, 2024 மார்ச்சில் வந்த அதன் 10-ஆம் பதிப்பு ஸ்பார்க் வகைக்கும் வெளியாயிற்று. அதில் 'ஜெனரிக்' என்றொரு கோப்பு உண்டு. சன் நிறுவனத்தின் பல தலைமுறை இயந்திரங்களுக்கும் பொருந்தும்படி எழுதப்பட்ட பொதுப்பட்டியல். அதைப் படியெடுத்துப் புதுப்பெயரில் வைத்துக்கொண்டு, நம் இயந்திரத்தில் இல்லாதவற்றின் முன்னால் ஒரு குறியிட்டு விலக்க வேண்டும். ஸ்பார்க்ஸ்டேஷன் 5-க்கு 'சன்-4-எம்' என்ற கட்டமைப்பு மட்டும் போதும். முந்தைய தலைமுறைகளின் வரிகளை விலக்கலாம். விலக்கிய ஒவ்வொன்றும் கெர்னலின் எடையைக் குறைக்கும். 32 மெகாபைட் நினைவகத்தோடு மூச்சுவாங்கும் இயந்திரத்தில் அது பெரிய ஆசுவாசம்.

அந்தக் கோப்பின் நடையை இலக்கணம் படித்தவர்கள் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரியும் 'இன்னது இன்னதனோடு பொருந்தும்' என்று மட்டுமே சொல்கிறது. வன்தட்டைக் கட்டுப்படுத்தும் உறுப்பு எந்த வழித்தடத்தோடு சேரும், வலைப்பின்னல் உறுப்பு எதன்மேல் அமரும் என்று நிலைமொழியும் வருமொழியுமாக ஒரு புணர்ச்சிப் பட்டியல். தாயை விலக்கிவிட்டுப் பிள்ளையை வைத்திருந்தால், அந்தப் பிள்ளை அநாதை என்று கட்டமைப்பு நிரல் வரி எண்ணோடு சொல்லித் தடுத்துவிடும். திருத்திய கோப்பை அந்த இயந்திரத்திலேயே வைத்துக் கம்பைல் செய்து காத்திருக்கத் தேவையில்லை. சாதாரண மடிக்கணினியில் ஸ்பார்க்குக்கான கெர்னலைக் கட்டி எடுத்துச் செல்ல நெட்பிஎஸ்டியிலேயே ஏற்பாடு இருக்கிறது. பாடபேதம் பார்த்து மூலத்தைச் செம்மை செய்யத் தெரிந்த ஒருவருக்கு இந்த வேலையில் அந்நியமானது ஒன்றுமில்லை. எது இருக்க வேண்டும், எது இடைச்செருகல், எதை நீக்கினால் எது குலையும் என்ற அதே விசாரணைதான். 'இது எங்கள் துறை அல்ல' என்று சொல்லும் தமிழாசிரியர் உண்மையில் தன் துறையின் முறையியலையே மறுக்கிறார்.

இங்கே கட்டற்ற மென்பொருள் நண்பர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. பழையதைக் கைவிடுவது பெருநிறுவனங்களின் சதி என்று பேசுவது எளிது. லினக்ஸைப் பாருங்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதை எழுதத் தொடங்கியது 386 வகைக் கணினியில். அந்த 386-க்கான ஆதரவே 2012 டிசம்பரில் நீக்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பிலிருந்து இல்லாமல் போனது. டோர்வால்ட்ஸ் அதற்காக வருந்தவும் இல்லை. பிந்தைய சில்லுகளில் இருந்த சில வசதிகள் 386-இல் இல்லை. அந்த ஒன்றுக்காக மாற்றுவழிகளை எல்லோரும் சுமக்க வேண்டியிருந்தது. இன்டெலும் எச்பியும் சேர்ந்து உருவாக்கி 2001-இல் சந்தைக்கு வந்த இட்டானியம் 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்போடு வெளியேறியது. ஆனால் அதைவிட மூத்த மோட்டரோலா 68000 குடும்பம், எண்பதுகளின் அமிகாவும் மாக்கின்டாஷும் ஓடிய அந்தச் சில்லுகளின் குடும்பம், லினக்ஸில் இன்னும் இருக்கிறது. இட்டானியத்துக்குப் பின்னால் பெரும் மூலதனம் இருந்தது. 68000-க்குப் பின்னால், இயந்திரத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதுப் பதிப்பையும் ஓட்டிப் பார்த்துப் பிழையைத் தெரிவிக்கும் சில ஆர்வலர்கள் இருந்தார்கள். மூலதனம் ஒதுங்கிக்கொண்டது. ஆர்வலர்கள் ஒதுங்கவில்லை.

பர்கூர் மலையின் செம்மறை மாடுகள் எப்படி மிஞ்சின என்பதை எங்கள் தாலுக்காவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டி போட்டு மேய்த்தவர்கள் இருந்தார்கள், மாடு இருந்தது. ஆடி மாதம் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வந்து வேடிக்கை பார்த்துப் பெருமை பேசியவர்களால் எந்த இனமும் பிழைத்ததில்லை. நாம் கணினி விஷயத்தில் வேடிக்கை பார்ப்பவர்களாகவே இருந்துவிட்டோம்.

'சரி, இதில் தமிழுக்கு என்ன நஷ்டம்?' என்று கேட்கலாம். சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில், எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியதைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் தனியார் கல்லூரிகள் சிலவும் சூசேயை நிறுவிக்கொண்டன. 2006 வரை சூசே தன் வன்தட்டுகளை இயல்பாக வடிவமைத்தது ரெய்சர்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில். அந்தக் கோப்பு முறை 2025 ஜனவரியில் வந்த 6.13 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலில் இல்லை. அதாவது, அந்நாளைய வன்தட்டைப் புதிய லினக்ஸில் இணைத்தால், அதில் இருப்பது என்னவென்றே அதற்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் இது நடந்தது. மாணவர்கள் பவானி ஜமக்காளத் தறிக்காரர்களிடமும் அந்தியூர் வெற்றிலைக் கொடிக்கால்களிலும் அலைந்து சேகரித்த தொழிற்சொற்கள், பாதி திஸ்கியிலும் பாதி ஒருங்குறியிலுமாக, அப்படியொரு வட்டில் இருந்தன. புதிய ஆய்வகத்தில் அதை இணைத்தபோது படிக்க முடியவில்லை. 'வட்டு கெட்டுவிட்டது, ஃபார்மட் செய்துவிடலாம்' என்று தீர்ப்பாயிற்று. வட்டு கெடவில்லை. மாணவர் ஒருவர் 6.12 பதிப்பின் மூலநிரலை இறக்கி, கட்டமைப்புப் பட்டியலில் ரெய்சர்எஃப்எஸ் என்ற கேள்விக்கு 'ஆம்' என்று விடையளித்துக் கெர்னலைக் கட்டினார். சொற்கள் அத்தனையும் இருந்தன. அந்தச் சொற்களைச் சொன்ன தறிக்காரர்களில் சிலர் இன்று இல்லை. மறுபடி போய்க் கேட்டு வாங்க வழியில்லாத சொற்கள் அவை. ஒரு கேள்விக்கான விடையில் அவை தொங்கிக்கொண்டிருந்தன.

2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டின்போது ஒருங்குறியே இனித் தரம் என்று அரசு அறிவித்தது நல்ல முடிவு. இனி எழுதப்படுவதற்கு வழி பிறந்தது. அதற்கு முன் எழுதப்பட்டவற்றை யார் மீட்பது என்று அந்த மாநாட்டுப் பந்தல்களில் நாம் உரக்கக் கேட்கவில்லை. மதுரைத் திட்டத்தின் நூல்கள் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறிவிட்டன. அவற்றைத் திறந்த வெளியில் பராமரித்தவர்கள் இருந்தார்கள். நம் சிற்றிதழ்களின் பக்கங்களும், துறைகளின் களச் சேகரிப்புகளும், அச்சேறாத ஆய்வேடுகளும் அப்படி அல்ல. அவை இரும்புப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன.

எதிர்வாதங்களை ஒதுக்க விரும்பவில்லை. புதுக் கணினி வேகமானது, மின்சாரம் குறைவாகச் செலவழிப்பது, உண்மை. அன்றாட வேலையை ஸ்பார்க்ஸ்டேஷனில் செய்யுங்கள் என்று நான் யாரையும் வற்புறுத்தவில்லை. பழைய கணினியில் பாதுகாப்புக் குறைவு என்பதும் உண்மை. அதனால் அதை இணையத்தில் இணைக்காமல் வைக்கலாமே தவிர, எடைக்குப் போட வேண்டியதில்லை. 'வட்டைப் படியெடுத்து, பழைய கணினியைப்போல் நடிக்கும் போலிக்கணினி மென்பொருளில் ஓட்டினால் போதாதா?' என்பது வலுவான கேள்வி. பல சமயம் போதும். ஆனால் படியெடுக்க அந்த வட்டோடு பேசும் கெர்னல் ஒருமுறையாவது வேண்டும். போலிக்குள் ஓடுவதும் ஒரு கெர்னல்தான். அதையும் யாரோ கட்டமைத்தாக வேண்டும். எந்த வழியாகச் சுற்றினாலும் அந்தப் பட்டியலின் முன்னால்தான் வந்து நிற்போம்.

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் இன்டெல் கணினிகளுக்கான நிறுவியையும் கெர்னலையும் நிறுத்திவிட்டது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்கடுத்த விண்டோஸ், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் அதன் பட்டியலில் உள்ள செயலியும் இல்லாத கணினியை ஏற்பதில்லை. நன்றாக ஓடும் ஆயிரமாயிரம் கணினிகள் கல்லூரிகளிலிருந்து கழிக்கப்படும் காலம் இது. மூடிய இயங்குதளம் சொல்லும் 'இல்லை'யை நாம் திருத்த முடியாது. திறந்ததில் முடியும். இந்த வேறுபாட்டைக் கணினித்துறையின் உட்பூசல் என்று எண்ணி ஒதுங்குகிற இலக்கியவாதி, நாளை தன் சொந்தப் படைப்பைத் திறக்க முடியாமல் நிற்கும்போது யாரை நோவார்?

ஆகவே நான் கேட்பவை இவைதாம். எந்தக் கல்லூரியும் ஒரு கணினியைக் கழிப்பதற்கு முன் அதன் வட்டை முழுமையாகப் படியெடுக்க வேண்டும். அதில் ஓடிய கெர்னலின் கட்டமைப்புக் கோப்பையும் உடன் சேமிக்க வேண்டும். சில நூறு கிலோபைட்டுக்கு மேல் அது இடம் கேட்காது. ஒவ்வொரு வகையிலும் ஓர் இயந்திரத்தை ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதற்குப் புதுக் கெர்னல் கட்டி ஓட்டிப் பார்த்து, பிழை இருந்தால் அதைப் பராமரிப்பவர்களுக்கு எழுத வேண்டும். முதுகலைத் தமிழ் மாணவர்களுக்குச் சுவடியியலும் பதிப்பியலும் கற்பிக்கும் தாளில் இதற்கு நான்கு வகுப்புகள் ஒதுக்கினால் போதும். அதிகாரிகளின் அனுமதி இதற்குத் தேவையில்லை. கழிவுப் பட்டியலில் கையெழுத்திடும் துறைத்தலைவர் ஒருவர், பேனாவை எடுப்பதற்கு முன் 'அந்த வட்டில் என்ன இருக்கிறது?' என்று கேட்டால் வேலை தொடங்கிவிடும்.