மூலை மழுங்காத அட்டை

ஸ்ரீவில்லிபுத்தூர் – ராஜபாளையம் பஸ்ஸில் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு ஆடியவர்களா நீங்கள்? "பைசெப்ஸ் எவ்வளவுடா?" பெரிய எண் வைத்திருப்பவனுக்கே அட்டை. ரேங்க்கில் மட்டும் சின்ன எண் ஜெயிக்கும்.

சேகரிப்பவர்களின் பாஷை வேறு. அச்சடித்த நாள்போலவே இருந்தால் 'மின்ட்'. வீரர் ஆட வந்த புதிதில் வெளியான அட்டை 'ரூக்கி'. நிபுணர்கள் 10-க்கு மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தருவது 'கிரேடிங்'. அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952 அட்டை 9.5 வாங்கியது, 2022-ல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது!

"அப்பா, உங்க அண்டர்டேக்கர் எவ்வளவு போகும்?" என்கிறான் மகன். ரப்பர் பேண்ட் போட்டு ஓரமெல்லாம் வெட்டுப்பட்ட அட்டை. 1 மார்க் தேறினாலே அதிகம். பின்பக்கம் பேனாவில், என்னிடம் தோற்ற நண்பனின் பெயர். விற்கிற உத்தேசம் இல்லை.