வெள்ளை அடைப்பு என்று ஒரு சாமான் கிடையாது

சீகிரியாவில் என் கடைக்கு ஒருவர் அரிசி கேட்டு வந்தால் நாட்டரிசியா, சம்பாவா, கீரிச் சம்பாவா என்று கேட்டுத்தான் நிறுப்பேன். பில்லில் வெறுமனே "அரிசி" என்று எழுதி, நாட்டரிசியைக் கொடுத்துவிட்டு கீரிச் சம்பாவின் விலையை வாங்கினால் ஊர் என்னைச் சும்மா விடுமா?

ஆனால், கடந்த வருடம் என் கடைவாய்ப் பல்லை அடைத்த தனியார் நிலையமொன்று தந்த பற்றுச்சீட்டில் "வெள்ளை அடைப்பு" என்று மட்டுமே இருந்தது. எட்டு மாதத்தில் அது தேய்ந்து ஓரம் உடைந்தது. வேறொரு பல் வைத்தியரிடம் காட்டியபோதுதான் அது கிளாஸ் அயனோமர் என்று தெரிந்தது. நான் கொடுத்ததோ கொம்பொசிட்டுக்குரிய காசு.

பல் நிறத்தில் இருப்பதெல்லாம் ஒன்றல்ல. கிளாஸ் அயனோமர் பல்லோடு தானாகவே ஒட்டும். பல்லுக்கு நன்மையான புளோரைட்டையும் கசியவிடும். பாற்பற்களுக்கும் எச்சில் அதிகம் ஊறும் இடங்களுக்கும் உகந்தது. ஆனால் மென்று அரைக்கும் இடத்தில் சீக்கிரம் தேயும், பளபளப்பும் குறைவு. கொம்பொசிட் என்பது பிசினோடு கண்ணாடித் தூள் கலந்தது; நீல ஒளியில் இறுகும். உடையாமல் வளைவைத் தாங்கும் அதன் பலம் ஏறத்தாழ 80 முதல் 150 மெகாபாஸ்கல். நிறமும் நன்கு பொருந்தும். ஆயினும் வெற்றிலையும் பிளேன்டீயும் நாளடைவில் கறையேற்றிவிடும்.

பல்லுக்குப் போடும் உறைகளிலும் இதே கதைதான். பழைய போர்சலின் அழகில் முந்தும், பலம் 100 அளவில்தான். லிதியம் டைசிலிகேட் 400 அளவில். சிர்கோனியா 1000 வரை தாங்கும். ஆனால் ஒளியை அதிகம் உள்ளே விடாததால் முன்பல்லில் சுண்ணாம்பு போலத் தெரியலாம். ஒளி ஊடுருவும் புதிய சிர்கோனியா அழகு, பலமோ குறைவு. எங்கள் மலையிலுள்ள சிங்கப் பாதங்களைப் பாருங்கள்: உள்ளே செங்கல், வெளியே சாந்து. சிர்கோனியாவின் மேல் போர்சலின் பூசிய உறையும் அப்படித்தான். அதிலும் பெரும்பாலும் பெயர்வது மேற்பூச்சே.

பாதரசம் கலந்த வெள்ளி நிற அடைப்பை ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து, மிக அவசியமான சந்தர்ப்பங்கள் தவிர, நிறுத்திவிட்டது. இனி எங்கும் வெள்ளை அடைப்பே பெருகும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிளாஸ் அயனோமரை நான் குறை கூறவில்லை. என் பல்லுக்கு அதுவே பொருத்தம் என்று வைத்தியர் கருதியிருக்கலாம். அப்படியானால் அதைச் சொல்லி, அதற்குரிய காசை வாங்கியிருக்க வேண்டும். "பெயரைச் சொன்னால் நோயாளிக்கு விளங்காது" என்பார்கள். அரிசியின் வகைகளை விளங்கிக்கொண்ட மக்களுக்கு இது மட்டும் விளங்காதா?

நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. பல்லின் உள்ளே நம்மால் கையை விட்டுப் பார்க்க முடியாது. ஆகவே வாயைத் திறக்குமுன் கேளுங்கள்: என்ன சாமான், இந்தப் பல்லுக்கு ஏன் அது, எவ்வளவு காலம் தாங்கும்? பதிலைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள்.