பேச அழைத்தவருக்குப் பட்டமும் எதற்கு?

பட்டமளிப்பு விழா என்பது, பல வருஷம் படித்துத் தேறிய பிள்ளைகளுக்கும், அவர்களைப் படிக்கவைக்கப் பட்ட கஷ்டத்தை ஒரு நாளாவது மறந்து பூரித்திருக்க வந்த பெற்றோருக்கும் உரிய வைபவம். ஆயினும் மறுநாள் பத்திரிகையில் இடம்பெறுவது மேடையேறிய பிரமுகரின் பெயர்தான். அந்தப் பிரமுகர் அரசியல்வாதியாகவும், நாட்டை இரண்டுபடுத்தி வைத்திருக்கும் ஒரு விவகாரத்தில் ஒரு பக்கத்தைச் சேர்ந்தவராகவும் இருந்துவிட்டால், பந்தல் போடுவதற்கு முன்பே சர்ச்சை தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் மே மாதம் வந்தால் எங்கேனும் ஒரு சர்வகலாசாலையில் இது நடந்தே தீரும். அவற்றுள் 2009-ஆம் ஆண்டு நோட்ர டேமில் நடந்ததைப்போல, இரு தரப்பு நியாயமும் தெளிவாகப் புலப்பட்ட வேறொன்றை நான் அறியேன்.

இந்தியானா மாகாணத்தில், சௌத் பெண்ட் நகரை அடுத்து, 1842-இல் கத்தோலிக்கத் துறவியரால் ஸ்தாபிக்கப்பட்டது நோட்ர டேம். ஐசன்ஹோவர், கார்ட்டர், ரீகன், இளைய புஷ் ஆகியோர் ஜனாதிபதி பதவியில் இருக்கும்போதே அங்கு வந்து பட்டமளிப்பு உரை நிகழ்த்தியவர்கள். ஆகவே, அவ்வாண்டு புதிதாகப் பதவியேற்றிருந்த பராக் ஒபாமாவை அதன் தலைவர் ஜான் ஜென்கின்ஸ் பாதிரியார் அழைத்ததும் சம்பிரதாயத்தை ஒட்டியதே. ஆனால் ஒபாமா கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர். திருச்சபையோ கருக்கலைப்பைக் கொலையென்றே கொள்வது. அதோடு, அறநெறியின் ஆதாரமான கோட்பாடுகளுக்கு விரோதமாக நடப்பவர்களைக் கத்தோலிக்க ஸ்தாபனங்கள் விருதளித்துக் கௌரவிக்கலாகாது என்று அந்நாட்டு ஆயர்கள் 2004-லேயே கூடி அறிக்கை விட்டிருந்தார்கள். அழைப்போடு கௌரவ டாக்டர் பட்டமும் சேர்ந்தே அறிவிக்கப்பட்டபோது, எதிர்ப்பு மனுவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். உள்ளூர் ஆயர் ஜான் டார்சி விழாவுக்கு வரமாட்டேன் என்று அறிவித்துவிட்டார். வளாகத்துக்குள் தடையை மீறி நுழைந்து ஆர்ப்பாட்டம் செய்தவர்கள் கைதானார்கள்; அவர்களுள் ஒருவர் நார்மா மெக்கார்வி, அதாவது கருக்கலைப்பை உரிமையாக்கிய 1973-ஆம் ஆண்டு வழக்கில் 'ரோ' என்ற புனைபெயரோடு வாதியாயிருந்த அதே அம்மையார். (அவர் பின்னாளில் மனம் மாறி எதிரணிக்கு வந்ததும், அந்த மாற்றமே காசுக்காக நடித்ததுதான் என்று மரணத்துக்கு முன் சொல்லிப் போனதும் தனிக்கதை.)

இத்தனை கூச்சலுக்கும் நடுவே என் மனத்தில் நிற்பவர் மேரி ஆன் கிளெண்டன். அப்போது ஹார்வர்டில் சட்டப் பேராசிரியையாக இருந்தவர். வாடிகனில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். அதே மேடையில் அவருக்கு அவ்வாண்டின் லேட்டாரே பதக்கம் வழங்குவதாக ஏற்பாடாகியிருந்தது. அமெரிக்கக் கத்தோலிக்கர்களுக்கு அந்தச் சர்வகலாசாலை அளிக்கும் மிக உயர்ந்த கௌரவம் அதுதான். எதிர்ப்பு வலுத்ததும் நிர்வாகத்தார், கிளெண்டனும் பேசத்தானே போகிறார், அதனால் இரு பக்கமும் சமனாகிவிடும் என்ற தோரணையில் சமாதானம் சொல்லத் தலைப்பட்டார்கள். அதைக் கண்டதும் அவர் பதக்கமே வேண்டாமென்று கடிதம் எழுதிவிட்டார். பிறருடைய முடிவுக்குச் சமாதானமாகத் தம் பெயரைப் பயன்படுத்துவதற்கு அவர் உடன்படவில்லை. பதக்கம் பெறுபவர் சொல்லும் நாலு நன்றி வார்த்தை, அவ்வளவு பாரதூரமான விவாதத்துக்கு ஏற்ற இடமும் அல்ல என்றார். ஜனாதிபதியைப் பேசவிடக் கூடாது என்று அவர் எங்கும் கோரவில்லை. அவருடைய ஆட்சேபமெல்லாம் கௌரவப் பட்டத்தைப் பற்றியதுதான்.

மே 17-ஆம் தேதி விழா நடந்தது. பட்டதாரிகளில் சிலர் தொப்பியின் மேல் சிலுவையும் பச்சிளங்குழந்தையின் பாத அடையாளமும் ஒட்டிக்கொண்டு வந்து அமர்ந்தார்கள். வேறு சிலர் விழாவுக்கு வராமல், வளாகத்தில் உள்ள மாதா கெபியில் தனியே கூடிப் பிரார்த்தனை செய்தார்கள். உரையின் நடுவே இரைந்து குறுக்கிட்டவர்களை வெளியேற்றினார்கள். ஒபாமாவோ விவகாரத்தைத் தவிர்த்துவிட்டு எதிர்காலம், நம்பிக்கை என்று வழக்கமான பிரசங்கம் செய்துவிட்டுப் போகவில்லை. தாம் செனட் தேர்தலில் நின்றபோது, உட்கட்சித் தேர்தலில் தமக்கு வாக்களித்திருந்த ஒரு டாக்டர் எழுதிய மின்னஞ்சலைப் பற்றிச் சொன்னார். கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் எல்லோரையும் வெறிபிடித்தவர்களைப்போல் வருணித்திருந்த ஒரு பிரசார வாசகத்தைக் கண்டு மனம் வருந்திய அந்த டாக்டர், ஒபாமா தம் கொள்கையை மாற்றிக்கொள்ள வேண்டுமென்று கேட்கவில்லை; எதிர்த்தரப்பாரைப் பற்றி நேர்மையான வார்த்தைகளில் பேசவேண்டும் என்று மட்டுமே கேட்டிருந்தார். வாசகம் மாற்றப்பட்டது; கொள்கை மாறவில்லை. இரு தரப்பும் ஓரளவுக்குமேல் இணங்கவே முடியாது என்பதையும் ஜனாதிபதி அந்த மேடையிலேயே ஒப்புக்கொண்டார்.

ஆகவே அந்தப் பேச்சு நடந்தது நல்லதுதான் என்பதே என் அபிப்பிராயம். பட்டம் கொடுத்ததுதான் பிசகு. ஒருவர் சொல்வதைக் கேட்பது அறிவுக்குரிய காரியம். கேட்டவர் அதற்கு உடன்பட்டார் என்று பொருளாகாது. கௌரவப் பட்டமோ, 'இவர் வாழ்க்கை எங்களுக்கு உவப்பானது' என்று ஸ்தாபனம் தன் முத்திரையிட்டுச் சொல்லும் சொல்; அங்கே படிப்பவர், கற்பிப்பவர் அனைவரின் பேராலும் அது சொல்லப்படுகிறது. இவ்விரண்டையும் ஒரே மேடையில், ஒரே அங்கிக்குள் முடிந்து வைத்திருப்பதனால்தான், கௌரவத்தை எதிர்ப்பவன் பேச்சைத் தடுப்பவனாகத் தோன்றுகிறான்; பேச்சுரிமைக்காக வாதாடுபவனோ கௌரவத்துக்கும் சேர்த்தே வக்காலத்து வாங்க நேருகிறது. பிரித்துவிடுவது அசாத்தியமல்ல. ஸ்டான்ஃபோர்டும் எம்.ஐ.டி.யும் கௌரவப் பட்டம் வழங்குவதேயில்லை. கல்லூரிப் படிப்பை முடிக்காத ஸ்டீவ் ஜாப்ஸ் 2005-இல் ஸ்டான்ஃபோர்டில் பேசி உலகெங்கும் புகழடைந்தது, பட்டம் எதுவும் பெற்றுக்கொண்டல்ல.

இன்னும் வேடிக்கை, நோட்ர டேம் விழாவுக்கு நான்கு நாள் முன்னதாக அதே ஒபாமா அரிஸோனா மாகாண சர்வகலாசாலையில் பட்டமளிப்பு உரை நிகழ்த்தியதுதான். அங்கே அவருக்குப் பட்டம் கிடையாது. அவருடைய சாதனைகள் இனிமேல்தானே வரவேண்டும் என்று காரணம் சொன்னார்கள்! நாடே சிரித்தது. நிர்வாகத்தாரும் வெட்கி, ஏழை மாணவர்களுக்கான ஓர் உபகாரச் சம்பளத் திட்டத்தை விரிவாக்கி அவர் பெயரைச் சூட்டினார்கள். அவரோ அந்தக் காரணத்தையே நகைச்சுவையோடு பேச்சின் பொருளாக எடுத்துக்கொண்டு, யாருடைய சாதனையும் முடிந்துவிடுவதில்லை என்று பேசிவிட்டுப் போனார். பட்டமில்லை என்பதற்காக விருந்தினர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் வீண்.

எதிர்ப்பவர்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. 2014-இல் ஹேவர்ஃபோர்டு கல்லூரிக்கு அழைக்கப்பட்டிருந்த ராபர்ட் பர்ஜனோ, பெர்க்லி சர்வகலாசாலையின் தலைவராக இருந்த காலத்தில் அங்கே போலீசார் மாணவர்களைத் தடியால் தாக்கினார்கள் என்பதற்காக, மாணவர் சிலரும் ஆசிரியர் சிலரும் அவருக்கு ஒன்பது நிபந்தனைகள் விதித்துக் கடிதம் எழுதினார்கள். அவர் வரவேயில்லை. விருந்துக்கு வருபவரிடம் வாசலிலேயே மன்னிப்புப் பத்திரம் கேட்டால் யார்தான் உள்ளே வருவார்? அதே விழாவில் பேசிய பிரின்ஸ்டனின் முன்னாள் தலைவர் வில்லியம் போவன், மாணவர்களைக் கடுமையாகவே கண்டித்தார். நிக்ஸன் மந்திரிசபையைச் சேர்ந்த ஜார்ஜ் ஷூல்ட்ஸுக்குத் தம் சர்வகலாசாலை கௌரவப் பட்டம் அளித்தபோது, எதிர்த்தவர்கள் எழுந்து முதுகைத் திருப்பி மௌனமாக நின்றதை அவர் நினைவூட்டினார். கருத்தரங்கில் கேள்வி கேட்கலாம். பட்டமளிப்பு மண்டபத்தில் கேட்க இயலாது. பதில் பேச வாய்ப்பில்லாத சபையாருக்கு முதுகைத் திருப்புவதாவது மிஞ்சவேண்டும். 2017-இல் துணை ஜனாதிபதி மைக் பென்ஸ் நோட்ர டேமில் பேச எழுந்ததும், நூறு பேரளவில் சத்தமின்றி எழுந்து வெளியேறினார்கள். அவரும் பேசி முடித்தார்.

நம் ஊர் நிலைமை வேறு. இங்கே அரசாங்கச் சர்வகலாசாலைகளில் வேந்தராக வருபவர் கவர்னர். அவரை எவரும் தேர்ந்து அழைப்பதில்லை, சட்டமே கொண்டுவந்து நிறுத்துகிறது. 1941-இல் பரீட்சைக்குச் சில நாள் முன்பு கைதாகிப் பி.ஏ. பட்டத்தை இழந்த தியாகி சங்கரய்யாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளிக்க மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆட்சிக்குழு தீர்மானித்தும், கவர்னர் ஆர்.என். ரவி கையெழுத்திடவில்லை; அதனால் 2023 நவம்பர் 2-ஆம் தேதி அங்கு நடந்த பட்டமளிப்பு விழாவை உயர்கல்வி மந்திரி பொன்முடி பகிஷ்கரித்தார். அங்கே பட்டம் கொடுத்ததனால் சண்டை, இங்கே கொடுக்காததனால். 2025 ஆகஸ்டில் திருநெல்வேலியில் ஆராய்ச்சிப் பட்டம் பெற வந்த ஒரு பெண், கவர்னரைக் கடந்து சென்று துணைவேந்தர் கையால் வாங்கிக்கொண்டார். அவரைப் புகழ்ந்தவர்களும் உண்டு, மரியாதை தெரியாதவர் என்று இகழ்ந்தவர்களும் உண்டு. எவர் பேச்சையும் அவர் தடுக்கவில்லை என்பதால் நான் அவரைக் குறை கூறமாட்டேன். நோட்ர டேமில் ஜென்கின்ஸ் பாதிரியார், தாம் ஏன் அழைத்தோம் என்று ஆயர்களுக்கும் மாணவர்களுக்கும் வாரக்கணக்கில் பதில் சொல்ல நேர்ந்தது. நம் மேடையில் அழைத்தவர் என்று ஒருவரும் இல்லாதபடியால், அந்தக் கேள்வியை எடுத்துச் செல்ல மாணவருக்கு ஒரு வாசலும் இல்லை.