பிள்ளையை ரெயில் ஏற்றும் முன் யோசியுங்கள்

மும்பைக்குப் பிழைக்க வந்த தமிழர் குடும்பங்களில் ஒரு வழக்கம் வேரூன்றி விட்டது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் அதை ஊரில் இருக்கும் ஆச்சியிடம் அனுப்பி விடுவதுதான் அந்த வழக்கம்.

கேட்டால் காரணம் சொல்வார்கள். தாய் வேலைக்குத் திரும்ப வேண்டும். பத்துக்குப் பத்து கோலியில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஊரில் ஆச்சி இருக்கிறாள், முற்றம் இருக்கிறது, நல்ல காற்று இருக்கிறது. எல்லாம் உண்மைதான்.

நான் ரெயில்வேயில் குமாஸ்தா. நாகர்கோவில் எக்ஸ்பிரசிலும், தாதரில் இருந்து திருநெல்வேலி போகும் வண்டியிலும் கைக்குழந்தையோடு ஏறும் ஆச்சிமாரை அடிக்கடி பார்க்கிறேன். தாய் பிளாட்பாரத்தில் நின்று விடுவாள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தனி இடம் கேட்காவிட்டால் டிக்கெட் கிடையாது. அதனால் இப்படித் தாயைப் பிரிந்து போகும் பிள்ளைகள் ரெயில்வே கணக்கிலும் இல்லை, வேறு எந்தக் கணக்கிலும் இல்லை.

இந்த வழக்கத்தைப் பற்றி நம்மவர்களிடம் பேச வேண்டிய நேரம் வந்து விட்டது. தாயையும் பிள்ளையையும் பிரிப்பதற்கு ஆறாவது மாதத்தைவிட மோசமான மாதம் கிடையாது.

ஆறாவது மாதத்தில் என்ன நடக்கிறது?

முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூடத் தேவை இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும், நம் நாட்டுக் குழந்தை டாக்டர்கள் சொல்வதும் இதைத்தான். 180 நாள் முடிந்ததும் நிலைமை மாறுகிறது. தாயின் வயிற்றில் இருந்தபோது பிள்ளை சேர்த்து வைத்த இரும்புச்சத்து ஏறக்குறைய அந்தச் சமயத்தில் தீர்ந்து போகிறது. வளர்ச்சிக்குப் பால் மட்டும் போதாமல் போகிறது. எனவே சோறு தொடங்க வேண்டும். ஆனால் பாலை நிறுத்தக்கூடாது. இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம்.

நம் பெரியவர்களும் சோறூட்டும் சடங்கை ஆறாம் மாதத்தையொட்டித்தான் வைத்தார்கள். அது சோற்றைத் தொடங்கும் சடங்கே தவிர, பாலை மறக்கடிக்கும் சடங்கு அல்ல.

ஊருக்கு அனுப்பும்போது நடப்பது என்ன? தாய்ப்பால் ஒரே நாளில் நின்று விடுகிறது. அதே நாளில் புதுச் சாப்பாடு, புதுத் தண்ணீர், புதுக் கை. ஒன்றரை நாள் பயணத்தில் பாட்டில் பால் வேறு. ஓடும் ரெயிலில் பாட்டிலையும் ரப்பரையும் கொதிக்க வைத்துக் கழுவ முடியுமா? வயிற்றுப்போக்கு வருவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. தாய்ப்பாலில் வரும் நோய் எதிர்ப்புச் சக்தியும் சரியாக அந்த நேரம் பார்த்து நின்று விடுகிறது.

ஒன்பதாம் மாதம் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போட வேண்டும். வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். பிள்ளை ஊரில், தடுப்பூசி அட்டை மும்பையில் என்றால் யார் நினைவு வைத்துப் போடுவது?

சட்டம் கொடுத்ததும் கொடுக்காததும்

2017-ம் ஆண்டு மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் லீவு என்று ஆக்கினார்கள். 26 வாரம் என்பது 182 நாள். அதாவது, பிள்ளைக்குச் சோறு தொடங்க வேண்டிய நாளில் தாயின் லீவு முடிகிறது. முதல் கரண்டிச் சோற்றை ஊட்டப் போவது தாய் அல்ல, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேறொருவர். ஆகவே “என்ன கொடுப்பது?” என்ற கேள்வியும் “யாரிடம் விடுவது?” என்ற கேள்வியும் ஒன்றுதான். இரண்டையும் தனித்தனியாக யோசிப்பதால்தான் தடுமாறுகிறோம்.

மத்திய அரசுப் பணியில் உள்ள பெண்ணுக்கு 180 நாள் பேறுகால லீவோடு, பணிக்காலத்தில் பிள்ளைகளைப் பராமரிக்க 730 நாள் லீவும் உண்டு. என்னைப் போன்ற ஆண் ஊழியனுக்குக்கூட 15 நாள் உண்டு. ஆனால் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் நம் பெண்ணுக்கு? இட்லி சுட்டு விற்பவளுக்கு? அப்பளம் உருட்டுபவளுக்கு? ஒரு நாள்கூடக் கிடையாது. பிள்ளையை ரெயில் ஏற்றுவது பெரும்பாலும் இவர்கள்தான். கல்நெஞ்சத்தால் செய்வதில்லை. வேறு வழி தெரியாமல் செய்கிறார்கள். ஆகவே அவர்களைக் குறை சொல்வது முறையல்ல. வழி காட்டுவதுதான் முறை.

முதல் வழி சுலபமானது. பிள்ளையை ஆச்சியிடம் அனுப்புவதைவிட, ஆச்சியைப் பிள்ளையிடம் வரவழையுங்கள். டிக்கெட் செலவு ஒன்றுதான். ஆறு மாதமாவது வந்து இருக்கட்டும். காலையும் மாலையும் இரவும் தாய் பால் கொடுப்பாள். பகலில் ஆச்சி சோறு ஊட்டுவாள். வேலைக்குப் போகும் தாய் பாலைப் பீய்ச்சி, மூடிய சுத்தமான பாத்திரத்தில் வைத்து விட்டும் போகலாம். வெளியில் வைத்தால் நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அதைப் பாட்டிலில் கொடுக்க வேண்டாம். சங்கு இருக்கிறது, கிண்ணமும் கரண்டியும் இருக்கின்றன. கழுவுவதும் சுலபம்.

கஞ்சித் தண்ணீர் சாப்பாடு ஆகாது

இனி, என்ன கொடுப்பது? நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, தண்ணீராகக் கொடுப்பது. சோறு வடித்த கஞ்சி, பருப்புத் தண்ணீர், ரசம் ஆகியவற்றால் வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. குழந்தையின் வயிறு சின்னது. அதில் தண்ணீரை ஊற்றினால் சத்துக்கு இடம் ஏது? கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் ஒட்டி நிற்கும் பதம் வேண்டும். இதுதான் அளவுகோல்.

சோறும் பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைய வேக வைத்து, கையால் மசித்து, ஒரு சொட்டு நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுக் கொடுங்கள். மராட்டியர்கள் இதையே கிச்சடி என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாயி பிள்ளைக்கு ஊட்டுவதும் இதுதான்.

கேப்பை இன்னும் மேல். இங்கே நாச்சணி என்று கேட்டால் கிடைக்கும். நூறு கிராம் கேப்பையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதை ஊற வைத்து முளை கட்டி, உலர்த்தி, லேசாக வறுத்துத் திரிக்கும் நம் ஊர் முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. முளை விடும்போது உண்டாகும் ஒரு பொருள் மாவுச்சத்தை உடைக்கிறது. அதனால் கூழ் பசை மாதிரி இறுகாது. அதே அளவு கூழில் கூடுதல் மாவு சேர்க்கலாம், பிள்ளைக்குக் கூடுதல் சத்து போய்ச் சேரும். இதைக் கண்டுபிடித்தது டின் கம்பெனி அல்ல, நம் பாட்டிமார்.

தொடக்கத்தில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று கரண்டி போதும். எட்டு மாதம் வரை ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. ஒன்பது மாதத்தில் இருந்து மூன்று நான்கு வேளை, வேளைக்கு அரைக் கிண்ணம். ஒரு வயதுக்குமேல் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதை, காரம் குறைத்து, முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரை. கீரை, பூசணி, மசித்த வாழைப்பழம், பப்பாளி எல்லாம் கொடுக்கலாம். நன்றாக வெந்த முட்டையும், முள் எடுத்த மீனும் ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கலாம். இரும்புச்சத்துக்கு அவை நல்லவை. புதிய பொருளை முகம் சுளித்துத் துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். நாலு நாள் விட்டு மறுபடி கொடுங்கள்.

கொடுக்கக் கூடாதவையும் உண்டு. ஒரு வயது வரை தேன் தொடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் நரம்பைத் தாக்கும். உப்பும் சர்க்கரையும் அந்த வயதுக்கு வேண்டாம். முழு நிலக்கடலை, பட்டாணி போன்றவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். டீயில் நனைத்த பிஸ்கட், பாவ் கொடுப்பதை உடனே நிறுத்துங்கள். டீ, சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீர் சுத்தமானது என்று நம்ப வேண்டாம்.

டின் உணவு வாங்கினால்தான் பிள்ளை சிவப்பாக, குண்டாக வளரும் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைகளுக்கான பால் பவுடர், பாட்டில் எதற்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-ம் ஆண்டே சட்டம் போட்டார்கள். 2003-ல் அதை இன்னும் இறுக்கி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான டின் உணவுக்கும் விளம்பரம் கூடாது என்று ஆக்கினார்கள். காரணம் இல்லாமல் சட்டம் போடவில்லை. இந்தியாவில் விற்ற ஒரு பிரபலமான குழந்தை உணவில் வேளைக்கு ஏறக்குறைய மூன்று கிராம் சர்க்கரை சேர்த்திருந்தது 2024-ல் வெளியாகி, பெரிய சர்ச்சை ஆனது. ஒரு டின் விலையில் எத்தனை கிலோ நாச்சணி, எத்தனை முட்டை வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நிலைமை சாதாரணமானது அல்ல. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தைகளில், போதுமான அளவும் வகையும் சேர்ந்த சாப்பாடு கிடைத்தவர்கள் 100-க்குச் சுமார் 11 பேர்தான்.

யாரிடம் விடுவது?

இந்த நகரத்துக்கு இது புதிய பிரச்சினை அல்ல. 1920-களில் பம்பாய் மில்களில் வேலை செய்த பெண்கள், குழந்தை அழாமல் தூங்குவதற்காக அபின் உருண்டை கொடுத்து விட்டுப் போனார்கள். அந்தக் காலத்து விசாரணைகளில் இது பதிவாகி இருக்கிறது. பிறகு 1929-ல் பம்பாய் மாகாணம் பேறுகாலச் சலுகைச் சட்டம் கொண்டு வந்தது.

அபின் போய் விட்டது. ஆனால் தூங்க வைக்கும் எண்ணம் போகவில்லை. சளி சிரப்பை ஒரு மூடி கொடுத்துப் பிள்ளையைத் தூங்க வைக்கும் ஆயாக்கள் இன்றும் உண்டு. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்ற இரண்டு மருந்துகளும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவு போட்டார். மாலையில் அழைக்கப் போகும்போது பிள்ளை தினமும் மயங்கினாற்போல் தூங்கினால் சந்தேகப்படுங்கள்.

ஆயாவிடமோ, பாளணாகரிலோ விடும் முன் ஐந்து விஷயம் பாருங்கள். ஒருத்தி எத்தனை கைக்குழந்தைகளைப் பார்க்கிறாள்? சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாளா? நீங்கள் கொடுத்து விட்ட சாப்பாட்டைப் பொறுமையாக ஊட்டுகிறாளா, டி.வி. முன் உட்கார வைத்துத் திணிக்கிறாளா? அந்த வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா? சொல்லாமல் ஒரு நாள் நடுப்பகலில் நீங்கள் போனால் உள்ளே விடுகிறாளா? கடைசிக் கேள்விதான் முக்கியம். விடாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

1975-ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம், வேறு மாநிலத்தில் இருந்து வந்தவர்களுக்கும் உண்டு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை வீட்டுக்கு எடுத்துப் போகச் சத்துணவு தருகிறார்கள். எடை பார்க்கிறார்கள். “நமக்கு மராட்டி தெரியாது” என்று ஒதுங்கி இருக்காதீர்கள். சேவிகாவிடம் போய்ப் பெயரைப் பதியுங்கள். வாரம் இரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து சிரப்பையும் கேட்டு வாங்குங்கள்.

50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்பது சட்டம். கேட்காததால் கிடைக்கவில்லை. தொழிற்சங்கத்தில் போனஸ் கேட்கும்போது இதையும் கேட்க வேண்டும். கட்டிட வேலைத் தலங்களில் 1969-ல் டெல்லியில் தொடங்கிய நடமாடும் குழந்தைகள் காப்பகம், மும்பையிலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறது. செங்கல், மணல் குவியலுக்கு நடுவே முடிவது நம் சால்களில் முடியாதா?

சங்கங்களே, கதவைத் திறங்கள்

மும்பையில் நமக்குச் சங்கங்களுக்குக் குறைவு இல்லை. ஊர்ச் சங்கம், சமுதாயச் சங்கம், நற்பணி மன்றம் எல்லாம் உண்டு. பல சங்கங்களுக்குச் சொந்தக் கட்டிடம் இருக்கிறது. பகல் முழுவதும் பூட்டுத்தான் தொங்குகிறது. மாலையில் திறந்து கேரம் ஆடுகிறார்கள். ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கி, பந்தல், பொன்னாடை என்று தாராளமாகச் செலவு செய்கிறார்கள்.

அந்தப் பூட்டைக் காலை எட்டு மணிக்குத் திறந்தால் என்ன? நம் பகுதியிலேயே பிள்ளை வளர்த்த அனுபவம் உள்ள இரண்டு பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து, பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். தொட்டில், பாய், அடுப்பு, வடிகட்டிய தண்ணீர், ஒரு எடை மிஷின் போதும். தாய்மார் முடிந்ததைக் கொடுப்பார்கள். மத்திய அரசின் பால்னா திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் நடத்த வழி இருக்கிறது. அதை நம் பகுதிக்குக் கொண்டு வர, சங்கத்தின் லெட்டர்பேடில் ஒரு மனு எழுதி வார்டு அலுவலகத்தில் கொடுக்கலாமே.

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. ஷிப்டு வேலைக்காரர்கள் நம்மில் பலர். இரவு ஷிப்டு முடித்து வந்தவனுக்குக் காலை வேளைச் சோற்றை ஊட்ட அரை மணி நேரம் கிடைக்காதா? பிள்ளைக்கு ஊட்டுவது பெண்கள் வேலை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நம் பிள்ளைகளுக்காகத்தான் ஊரை விட்டு வந்தோம் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்தப் பிள்ளை முதல் கவளம் சாப்பிடும்போது பக்கத்தில் இருக்க ஒரு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டாமா? வரும் பொதுக்குழுவில் ஒரு உறுப்பினராவது எழுந்து இதைக் கேளுங்கள்.