சுவரில் கறுப்புப் படை! பெயிண்டு அடித்தால் போய்விடுமா?

ஐப்பசி மழை பெய்தது. வீட்டுச் சுவரில் கறுப்புப் படை ஏறியது. பீரோவைத் திறந்தால் துணியெல்லாம் ஒரே பூஞ்சை வாடை!

கான்ட்ராக்டர் வருகிறார். "இரண்டே நாள் வேலை" என்கிறார். முன்பணம் கைமாறுகிறது. ஆட்கள் சுவரைச் சுரண்டுகிறார்கள். கட்டில், மெத்தை எதையும் மூடுவதில்லை. வீடெல்லாம் தூசி! சுரண்டிய இடத்தில் மருந்து; அதன்மேல் பெயிண்டு. சுவர் பளபளக்கிறது. வீட்டுக்காரர் மீதிப் பணத்தையும் கொடுத்துவிடுகிறார்.

கார்த்திகை மழையில் பெயிண்டு கொப்புளிக்கிறது. கறுப்பு மறுபடி எட்டிப் பார்க்கிறது. போன் செய்தால், "நாளைக்கு வருகிறேன்" என்று பதில். அந்த 'நாளை' வருவதே இல்லை!

தவறு எங்கே?

பூஞ்சை ஈரத்தில் வளரும். நனைந்த இடம் ஒன்றிரண்டு நாளில் காயாவிட்டால் முளைக்கத் தொடங்கிவிடும். ஈரம் எங்கிருந்து வருகிறது? மொட்டை மாடி வெடிப்பா, ஒழுகும் குழாயா, தரையிலிருந்து ஏறும் ஓதமா? இதைப் பார்க்காமல் பெயிண்டு அடிப்பது வீண் செலவு.

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஈரம் காயாத பனியனைப் பெட்டியில் அடைத்தால் கப்பல் கரை சேருமுன் புள்ளி விழுந்துவிடும். அதனால் நன்றாக உலர்ந்த பிறகே பெட்டி கட்டுகிறார்கள். துணிக்குக் காட்டும் அக்கறையைச் சுவருக்கு யார் காட்டுகிறார்கள்?

பூஞ்சையை அப்படியே சுரண்டினால், கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துக்கள் காற்றில் பறக்கும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு ஆஸ்துமா போன்ற மூச்சுக் கோளாறுகள் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் எச்சரித்தது.

பலியான குழந்தை

இங்கிலாந்தில் ராச்டேல் என்று ஓர் ஊர். அங்கே வாடகை வீட்டில் பூஞ்சை என்று ஒரு தந்தை 2017-ல் புகார் செய்தார். மேலே பெயிண்டு அடித்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார்கள். 2020 டிசம்பரில் அவருடைய இரண்டு வயது மகன் அவாப் இஷாக் இறந்தான். நெடுநாள் பூஞ்சைக் காற்றைச் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறே காரணம் என்று 2022-ல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். நாடே அதிர்ந்தது. 2023-ல் சட்டம் வந்தது. அதன்படி, குறைந்த வாடகைக்கு விடும் பொது வீடுகளில் பூஞ்சைப் புகாரைக் கெடுவுக்குள் கவனித்தாக வேண்டும். அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரம்தான்! இந்த விதி 2025 அக்டோபர் 27 முதல் அமலில் இருக்கிறது.

இங்கே என்ன வழி?

காசு வாங்கிச் செய்யும் வேலை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 'சேவை' ஆகும். வேலையில் குறை இருந்தால், தான் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் முறையிடலாம்.

தொல்லை சாட்சியத்தில்தான். பேச்சு வாய்வார்த்தையாகப் போகிறது, பில் இல்லை. பில் கேட்டால் வரி கூடும் என்று வீட்டுக்காரரே விட்டுவிடுகிறார்! என்ன வேலை, என்ன கூலி, எத்தனை மாதப் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தாலே வழக்குக்கு உதவும். பெயிண்டு அடிப்பதற்கு முன் எடுத்த சுவரின் போட்டோவும் உதவும்.