உளியோடு விலைச்சீட்டும் வேண்டும்

மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக்கலைக் கல்லூரியும் இங்கேதான். பெயருக்கும் பயிற்சிக்கும் பஞ்சமில்லை; குறை விற்கும் இடத்தில் இருக்கிறது. ஐந்து ரதங்களுக்குப் போகும் வழிக் கடைகளில் அதே பிள்ளையார், அதே புத்தர், வரிசை வரிசையாக. கையால் செதுக்கியது எது, இயந்திரம் கடைந்தது எது என்று சொல்லும் சீட்டைக் காண்பது அரிது. வித்தியாசம் தெரியாதவர் விலையைத்தான் பேசுவார்; அந்தப் பேரத்தில் கைவேலைதான் தோற்கும். ஆகவே இங்கே தேவைப்படும் விற்பனைத் திறன் வாய்ச்சாலகம் அல்ல. கல்லின் வகையையும் செய்தவர் பெயரையும் எழுதி வைப்பது, கூலியும் வண்டிச்செலவும் சேர்த்து அடக்கவிலை போடுவது, விரல்நுனி உடையாமல் மரப்பெட்டியில் கட்டிக் கப்பலேற்றுவது.

சிற்பி வியாபாரியானால் கலை கெடும் என்பார்கள். கோயில் சிலை வேலையே முன்பணம், அளவு, கெடு பேசி முடிக்கும் ஒப்பந்தம்தான். ஸ்தபதி மரபு அதனால் கெட்டுவிடவில்லை. அரசின் கைவினை விற்பனை நிறுவனமான பூம்புகார் இருக்கிறதே என்ற கேள்விக்கு எடை அதிகம். அது விற்றுத் தருகிறது, உண்மை. ஆனால் எல்லாப் பட்டறைகளின் சரக்கையும் அது சுமக்க முடியாது. வாங்குபவருக்கு என்ன பிடிக்கும் என்ற அறிவும் பட்டறைக்குத் திரும்பி வருவதில்லை. வெளிநாட்டில் கோயில் கட்டுவோர் ஒரு சந்தை, தோட்டத்துக்குக் கல்விளக்கு தேடுவோர் வேறொரு சந்தை. சிற்பக்கலைக் கல்லூரி இந்த விற்பனைப் பயிற்சிக்கென ஒரு பருவத்தை முழுதாக ஒதுக்கலாம். தான் செதுக்கியதைத் தானே விலைபோட்டு விற்றுக் காட்டிய மாணவருக்கே தேர்ச்சி என்று வைத்தால் இன்னும் நல்லது.