திருவிழாவில் ஒலியியல்

மேல்கோட்டையில் பங்குனி மாதத்தில் நிகழும் வைரமுடி விழாவுக்கு மக்கள் இரவில் திரளுகின்றனர். தரையையொட்டிய காற்று குளிர்ந்து, மேற்காற்று வெப்பமாயிருக்கும் இரவுகளில் ஒலியலைகள் கீழ்நோக்கி வளைவதால், நாதசுர இசை நெடுந்தொலைவு கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்படும் கரிய பூச்சு அதன் மேற்சுரங்களை இசைவுறச் செய்வதைப் பேராசிரியர் சி. வி. இராமன் 1920-இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார்.

இவ்வுண்மைகள் கலாசாலைச் சுவர்களுக்குள் அடங்கிக் கிடத்தல் தகாது. விழா நாட்களில், பகற்பொழுதில், கல்யாணிக் குளத்தருகே திறந்தவெளியில் வித்துவான்கள் வாசிக்க, பௌதிக ஆசிரியர்கள் அவற்றை விளக்கலாம். வழிபாட்டுக்கு இடையூறாகுமெனச் சிலர் அஞ்சக்கூடும். வழிபாட்டு நேரத்தை விலக்கி நடத்தினால் அவ்வச்சத்துக்கு இடமில்லை. நகரத்துக் கண்காட்சிகளைக் காண வசதியற்ற கிராமத்தாரும் திருவிழாவுக்கு வருகின்றனர். விஞ்ஞானம் அவர்களை நாடிச் செல்லுதலே முறையாகும்.